நடுக்கடலில் நின்ற வகுப்பறை!

கப்பலிலேயே வகுப்பு, இறங்கும் ஊரெல்லாம் பாடம். அதுதான் 'செமஸ்டர் அட் சீ' திட்டம். 2005 ஜனவரியில் ஏறத்தாழ 700 மாணவர்களுடன் கனடாவின் வான்கூவரிலிருந்து தென்கொரியாவுக்குக் கிளம்பியது 'எக்ஸ்புளோரர்' கப்பல். குளிர்காலத்து வட பசிபிக் புயலுக்குப் பேர்போனது. அந்த வழியில் போவானேன்?

ஜனவரி 26. சுமார் 50 அடி உயர அலை ஒன்று, கேப்டன் நின்று கப்பலைச் செலுத்தும் அறையின் கண்ணாடியை நொறுக்கியது. உப்புநீர் புகுந்து கருவிகள் பழுதாக, இன்ஜின்கள் நின்றுபோயின. இன்ஜின் ஓடாத கப்பலை அலை தன் இஷ்டத்துக்குப் புரட்டும். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு மாணவர்கள் நடைபாதைகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஊழியர் இருவருக்குக் காயம். நல்லவேளை, உயிருக்கு ஆபத்தில்லை. இன்ஜினைத் திரும்ப ஓட வைத்து, கொரியாவை மறந்து, ஹவாயின் ஹோனலுலுவுக்கு ஊர்ந்து சேர்ந்தது கப்பல். ஊருக்கே திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தால், மாணவர்களில் பெரும்பாலோர் விமானமேறி ஆசியாவுக்குப் படிப்பைத் தொடரப் போனார்கள்!