மலையில் தூங்கும் சீமைக் கார்கள்

பட்டறை இருக்கிறது, வாங்க ஆளும் இருக்கிறது. ஆனால் அன்று காரைக் காப்பாற்றிய டீசல் எஞ்சின்தான் இன்று அதற்கு வில்லன்.

ஓடும் நிலையில் இல்லை, ஆனால் புதுப்பிக்க ஏற்றது. பழைய பிரிட்டிஷ் சொகுசுக் கார் ஒன்று விலைக்கு வரும்போது விற்பவர் சொல்வது பெரும்பாலும் இவ்வளவுதான். மீதியை வாங்குபவர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எலி கடித்த தோல் சீட்டுகள், உப்பி உரிந்த வால்நட் மரப் பலகை, கை வைத்தால் உதிரும் கதவின் அடித்தகரம்.

ஆனைமலைத் தொடரின் ஒரு பக்கம் பாலக்காட்டின் நெல்லியாம்பதி, மறு பக்கம் இடுக்கியின் மூணாறு. இரண்டுமே தோட்ட மலைகள். வெள்ளைக்கார துரைகள் ஆண்ட இந்த மலைகளுக்கு அவர்களின் 'பிளஷர்' கார்களும் ஏறி வந்தன. ஜேம்ஸ் ஃபின்லே நிறுவனம் நடத்திய மூணாறு தோட்டங்கள் 1970களில் டாடா குழுமத்தின் கைக்கு வந்தன. துரைகள் கப்பலேறினார்கள். கார்கள் கைமாறின.

ஜாகுவார் மார்க் 5 மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1948 முதல் 1951 வரை சுமார் பத்தாயிரம் கார்களே தயாராயின. ஆறு சிலிண்டர், இரண்டரை அல்லது மூன்றரை லிட்டர் எஞ்சின். அந்தக் காலத்தில் அது ராஜ வாகனம். ஆனால் பெட்ரோலைக் குடிப்பதிலும் ராஜாதான். 1973ல் உலக எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறியபோது, இப்படிப்பட்ட கார்களை வைத்திருந்தவர்கள் விழி பிதுங்கினார்கள். இறக்குமதிக் கட்டுப்பாட்டால் உதிரி பாகங்களும் கிடைக்கவில்லை.

அப்போது இந்திய மெக்கானிக்குகள் கண்ட வழி இதய மாற்று சிகிச்சை. சீமை எஞ்சினை இறக்கிவிட்டு மேட்டடார் வேனின் டீசல் எஞ்சினையோ அம்பாசடர் எஞ்சினையோ பொருத்தினார்கள். பானெட்டுக்குள் லாரிச் சத்தம் கேட்டது. ஆனால் கார் ஓடியது. கழற்றிய எஞ்சின் பெரும்பாலும் காயலான் கடைக்கு எடைக்குப் போனது.

இப்போது அந்தக் கணக்கு திருப்பி அடிக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வாகனத்துக்கு 'விண்டேஜ்' தகுதி உண்டு. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். 'வி.ஏ.' என்ற எழுத்துகளுடன் தனி எண் கிடைக்கும். ஏற்கனவே பதிவான கார் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம், தினசரி உபயோகத்துக்குக் கூடாது.

சிக்கல் அடுத்த நிபந்தனையில். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அதாவது, முப்பது வருடம் காரைச் சாகவிடாமல் வைத்திருந்த டீசல் எஞ்சினே இந்த அந்தஸ்துக்குக் குறுக்கே நிற்கிறது.

அடுத்த தலைவலி ஆர்.சி. புத்தகம். 1956 வரை பாலக்காடு சென்னை ராஜ்யத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. மூணாறு திருவிதாங்கூரில் இருந்து 1949ல் திரு-கொச்சிக்குப் போய், பிறகு கேரளத்தில் சேர்ந்தது. இடுக்கி மாவட்டம் பிறந்ததே 1972ல்தான். இத்தனை கை மாறிய ஆவணத்தில் ஒரு கண்ணி அறுந்தாலும் கார் வெறும் இரும்புதான்.

நல்ல செய்தியும் உண்டு. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கோயம்புத்தூர். வார்ப்படச் சாலைகளும் லேத் பட்டறைகளும் நிறைந்த ஊர். கிடைக்காத புஷ்ஷையோ பிஸ்டனையோ மாதிரி பார்த்துச் செய்துவிட முடியும். பழைய கார்கள் மீது அந்த ஊருக்குள்ள காதலுக்குச் சாட்சி, அவிநாசி சாலையில் 2015ல் திறக்கப்பட்ட ஜீடி கார் மியூசியம்.

ஆனால் கைத்திறன் மட்டும் போதாது. அக்கால பிரிட்டிஷ் கார்களின் போல்ட்டுகளில் மில்லிமீட்டர் ஸ்பானர் உட்காராது, விட்வொர்த் அளவு ஸ்பானர் வேண்டும். பலவற்றில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைக்கப்பட்டிருக்கும். பழக்கதோஷத்தில் மாற்றி மாட்டினால் மின்சாதனங்கள் பாழாகும். மலை மழையில் நனைந்த காருக்கு பெயின்ட் கடைசி வேலை. அடித்தளத் தகரத்தை வெட்டி மாற்றாமல் பட்டி பார்த்துப் பூசினால் அடுத்த மழைக்குள் துரு எட்டிப் பார்க்கும்.

எனவே வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பளபளப்பை அல்ல, எண்களை. சேஸிஸ் எண், எஞ்சின் எண், ஆர்.சி. மூன்றும் பொருந்தினால் துருவைப் பற்றிக் கவலை வேண்டாம், அதற்குப் பட்டறை இருக்கிறது. பொருந்தாவிட்டால், தொலைந்த எஞ்சினைத் தேட வேண்டும். காயலான் கடை எடைக்கு வாங்கிய அந்த இரும்புக்கு இன்று தங்கத்தின் மவுசு.