தாழ்வாரத்துக் கறிவேப்பிலை

சிங்கப்பூரின் ஜூரோங் ஏரித் தோட்டத்தில் 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்தில் பாத்திகளைத் தேசியப் பூங்காக் கழகம் குடியிருப்பாளர்களுக்கு வாடகைக்கு விடுகிறது. உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் இத்தனை சிறிய பாத்தியும் வாசல் தொட்டியும் எதைச் சாதிக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அரிசிக்கும் வெங்காயத்துக்கும் இவை ஈடாகா. ஆனால் கறிவேப்பிலை, பசலை, பச்சை மிளகாயின் கணக்கே வேறு. சமையலுக்கு ஒரு பிடி போதும்; வாங்குவதோ கட்டாக. மிச்சம் குளிர்பதனப் பெட்டியில் கறுத்துக் குப்பைக்குப் போகிறது. தொட்டியில் இருந்தால் தாளிக்கும்போது ஓர் இணுக்கைக் கிள்ளிக்கொள்ளலாம். நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளைகள் வெடித்துச் செடி அடர்ந்துவரும். 2020இல் நோய்ப்பரவலின்போது பூங்காக் கழகம் லட்சக்கணக்கான வீடுகளுக்கு இலவசமாக விதைப் பொட்டலங்கள் அனுப்பியது வீண் செலவல்ல என்பேன்.

கொசுதான் வலுவான மறுப்பு. டெங்கி உள்ள ஊரில் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஏடிஸ் கொசு வளர, தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் கொஞ்சம் தண்ணீரே போதும். முட்டை சுமார் ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். தட்டையே எடுத்துவிடுங்கள். இறுகிய மண்ணைக் கிளறினால் மேலே நீர் நிற்காது. அடுக்குமாடித் தாழ்வாரத்தில் நடைவழியை மறிக்காமல் தொட்டிகளைச் சுவரோரம் வைக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வெளிச்சம் வரும். மிளகாய்க்கு நேர்வெயில் தேவை, பசலை அரைநிழலிலும் தழைக்கும். வாரம் ஒருமுறை தொட்டியைத் திருப்பி வைத்தால் தண்டு ஒரு பக்கமாகச் சாயாது.