வயிறு நிறைய நீர்; ஆனால் புற்றுநோய் அல்ல!

ஜித்ராவில் என் அத்தைக்கு வயிறு ஊதிக்கொண்டே போனது. படுத்தால் மூச்சு வாங்கியது. வாயு என்று நினைத்து இரண்டு மாதம் ஓமத் தண்ணீர் குடித்தார். பிறகு அலோர்ஸ்டாரில் ஸ்கேன் எடுத்தால் சூலகத்தில் கட்டி, வயிற்றில் நீர், வலது நுரையீரலைச் சுற்றியும் நீர். ‘சிஏ 125’ இரத்தப் பரிசோதனையிலும் அளவு கூடியிருந்தது. வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ஆனால், சொந்தங்கள் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வர ஆரம்பித்துவிட்டார்கள்.

“ஆகப் போறது ஆகட்டும்மா, என்னை ஏன் வெட்டணும்?” என்றார் அத்தை. கட்டியை எடுத்துத் திசுவைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்ய முடியாது என்பதை அவருக்குப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது. வானொலியில் ஓயாமல் பேசும் எனக்கே நாக்கு வறண்டுவிட்டது.

எடுத்த கட்டியை ஃபார்மலினில் ஊறவைத்து, துண்டுகளாக்கி, மெழுகில் பதிப்பார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் மூன்று, நான்கு பங்கு கனத்துக்கு அதைச் சீவி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பவர் பெத்தோலஜிஸ்ட். நோயாளி அவர் முகத்தைப் பார்ப்பதே இல்லை. முடிவைச் சொல்பவரோ அவர்தான்.

அத்தையின் திசுவில் ஒரே மாதிரியான நீண்ட செல்கள் கற்றை கற்றையாக அமைதியாகப் படுத்திருந்தன. ஃபைப்ரோமா என்ற சாதாரண நார்க்கட்டி! அபூர்வமாக இது வயிற்றிலும் நெஞ்சிலும் நீர் சேர்க்கும். கட்டியை எடுத்தால் நீர் வற்றிவிடும், திரும்பாது. பாஸ்டன் மருத்துவர் ஜோ மெய்க்ஸ், காஸ் என்பவருடன் சேர்ந்து 1937இல் இப்படி ஏழு பெண்களைப் பற்றி எழுதினார். அதனால்தான் இதற்கு ‘மெய்க்ஸ் சிண்ட்ரோம்’ என்று பெயர். சூலகத்தில் தைராய்டுத் திசு வளரும் விசித்திரக் கட்டியும் சில நேரம் இப்படியே பயமுறுத்தும்.

இதைப் படித்துவிட்டு வயிற்று உப்பசத்தை அலட்சியம் செய்யாதீர்கள். சூலகப் புற்றுநோயும் இதே அறிகுறிகளோடுதான் வரும்.

குழந்தை பெற விரும்பும் இளம்பெண்கள், அறுவைக்கு முன்பே ‘ஃபுரோசன் செக்‌ஷன்’ வசதி உண்டா என்று கேட்கலாம். அறுவை நடக்கும்போதே திசுவை உறையவைத்து அரை மணி நேரத்துக்குள் பார்த்துச் சொல்வார்கள். தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பதைத் தவிர்க்க அது உதவும். முழு அறிக்கை வர நாளாகும். அதில் ‘பினைன்’ என்றால் சாதாரணக் கட்டி, ‘மெலிக்னன்ட்’ என்றால் புற்று. அந்த ‘ஹெச்பிஇ’ அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போனால் முதலில் கேட்பது அதைத்தான்.