ஒரு கார்டு... ரெண்டு மேனேஜர்!

உங்க லேப்டாப்ல வைஃபை கனெக்ட் ஆகுது, பத்தே செகண்ட்ல புட்டுக்குது, மறுபடி கனெக்ட் ஆகுதா? ஹாஸ்டல் நெட்டைத் திட்டறதுக்கு முன்னாடி என் சோகக் கதையைக் கேளுங்க.

போன செமஸ்டர் புராஜெக்ட் ரிப்போர்ட். ராத்திரி 12 மணிக்குள்ள அப்லோட் பண்ணியாகணும். அண்ணன்கிட்ட இருந்து கைமாறி வந்த பழைய லேப்டாப், அதுல டெபியன் லினக்ஸ். 11.15-க்கு வைஃபை கபடி ஆட ஆரம்பிச்சது. பக்கத்து ரூம் சீனியர் வந்து பார்த்துட்டு, "ஒரு ஸ்டியரிங்கை ரெண்டு பேர் புடிச்சா வண்டி எப்படிப் போகும்?"னு சிரிச்சார்.

தப்பு என்னோடதுதான். ஏற்கெனவே நெட்வொர்க் மேனேஜர் ஓடிட்டிருந்தது. அது டபிள்யூபிஏ சப்ளிகன்ட்ங்கிற இன்னொரு புரோகிராமை வெச்சுதான் கார்டை இயக்கும். 'ஸ்பீடா கனெக்ட் ஆகும்'னு யாரோ சொன்னாங்கன்னு, நான் ஐடபிள்யூடி-யையும் போட்டு ஸ்டார்ட் பண்ணிட்டேன். இருப்பது ஒரே கார்டு. ஆளுக்கொரு பக்கம் இழுத்தா?

சீனியர் ஐடபிள்யூடி சர்வீஸை நிறுத்தி, அடுத்த தடவை பூட் ஆகும்போதும் எழுந்திருக்காதபடி டிஸேபிள் பண்ணினார். அவ்வளவுதான், கபடி குளோஸ்!

சரி, எதை வெச்சுக்கறது? யூஸர் நேம், பாஸ்வேர்டு ரெண்டும் கேட்கிற காலேஜ் வைஃபைன்னா என் ஓட்டு நெட்வொர்க் மேனேஜருக்கு. விண்டோ திறக்கும், நிரப்பினா முடிஞ்சது. மொபைல் டெதரிங், விபிஎன்னு எல்லாத்தையும் அதுவே பார்த்துக்கும். ஐடபிள்யூடி-ல இதே காலேஜ் வைஃபைக்கு நாமளே செட்டிங் ஃபைல் எழுதணும். ஆனா இன்டெல் உருவாக்கின அது ரொம்ப ஒல்லி. வீட்டு வைஃபை மட்டும் போதும்கிறவங்களுக்கு ஓகே. ரெண்டும் வேணும்னு அடம்புடிச்சா, டபிள்யூபிஏ சப்ளிகன்ட்டுக்கு பதிலா ஐடபிள்யூடி-யைப் பயன்படுத்தச் சொல்லி நெட்வொர்க் மேனேஜர் செட்டிங்ல ஒரு வரி சேர்க்கலாம். அப்போ சப்ளிகன்ட்டுக்கு லீவு கொடுத்துடணும்!

பழைய குறிப்புகள்ல 'விக்ட்'னு ஒண்ணை ஆஹா ஓஹோன்னு புகழ்ந்திருப்பாங்க. தேடாதீங்க. அது பைத்தான் 2-ல எழுதினது. 2020-ல பைத்தான் 2-வுக்கே சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, 2021-ல வந்த டெபியன் 11-ல விக்ட் கிடையாது.

விண்டோஸ் மக்களே, எக்ஸ்பி காலத்துல உங்க வீட்லயும் இதே சண்டைதான். கார்டோட வந்த சிடி-யில ஒரு மேனேஜர், விண்டோஸ்ல ஒரு மேனேஜர். இப்போ டிரைவர் மட்டும் போட்டா போதும், மிச்சத்தை விண்டோஸே பார்த்துக்கும்.

என் ரிப்போர்ட்? 11.54-க்கு ஏறிடுச்சு. வைவாவில என்ன ஆச்சுன்னு மட்டும் கேட்காதீங்க!