உள்ளங்காலில் மச்சம், தொடை இடுக்கில் ஸ்கேன்

உள்ளங்காலில் இருந்த கறுப்பு மச்சத்தை வெட்டி எடுத்தாயிற்று. பயாப்சியில் மெலனோமா என்ற தோல் புற்று என்று வந்திருக்கிறது. டாக்டரோ தொடை இடுக்கில் அல்ட்ராசவுண்ட் எடுத்துவரச் சொல்கிறார். வியாதி பாதத்தில், ஸ்கேன் இடுக்கில். இது என்ன கணக்கு? டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பார்க்கலாம்.

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். வீட்டுப் பெரியவர்கள் அறிந்த சங்கதிதான். காலிலிருந்து கிளம்பும் நிணநீர் அங்கே உள்ள கணுக்களில் வடிகட்டப்பட்டுத்தான் மேலே போகிறது. மெலனோமா செல்களும் பெரும்பாலும் முதலில் அந்த வழியைத்தான் பிடிக்கும். கையில் வந்தால் அக்குளைப் பார்க்க வேண்டும். முகத்தில் வந்தால் காதோரத்தையும் கழுத்தையும்.

இந்தப் புற்று வெளுத்த தோல்காரர்களிடம்தான் அதிகம். கறுத்த தோலில் அபூர்வம். வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் படாத இடங்களில் வருவதே வழக்கம். பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டுபிடித்தது இதைத்தான். 1981இல், 36 வயதில் அவர் இறந்தபோது மூளை வரைக்கும் பரவியிருந்தது.

இனி ஸ்கேன் அறைக்குள் போவோம். இதற்கு வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை, கதிர்வீச்சும் கிடையாது. ஜெல்லைத் தடவி, தோலுக்குக் கீழே சில சென்டிமீட்டரைத் துல்லியமாகக் காட்டும் புரோபை வைத்து மெதுவாக நகர்த்துவார்கள். ஆரோக்கியமான கணு திரையில் மொச்சைக்கொட்டை மாதிரி நீள்வட்டமாக இருக்கும். ஓரம் கறுப்பாகவும், ரத்தக்குழாய் நுழையும் நடுப்பகுதி வெள்ளையாகவும் தெரியும்.

புற்றுச் செல்கள் கணுவுக்குள் வந்து சேருவது அதன் வெளி ஓரத்தில். அதனால் முதல் மாற்றமும் ஓரத்திலேயே தெரியும். நடுவில் மட்டும் ஓட வேண்டிய ரத்தம் விளிம்பிலும் ஓடுவதை டாப்ளர் நிறத்தில் காட்டிவிடும். பிறகு நடுவில் இருந்த வெள்ளை மறையும். கடைசியில் நீள்வட்டம் உருண்டையாக உப்பும். கணு பெரிதாக இருப்பது மட்டும் புற்றுக்கு அடையாளமல்ல. பித்தவெடிப்பும் சேற்றுப்புண்ணும் உள்ளவர்களுக்கு அது பெருத்துத்தான் இருக்கும். ஆனால் வடிவமும் நடு வெள்ளையும் பெரும்பாலும் கெடாது. சந்தேகம் வந்தால் திரையைப் பார்த்தபடியே மெல்லிய ஊசியால் குத்திச் செல்களை எடுத்துச் சோதிப்பார்கள். முடிவைச் சொல்வது அந்தச் சோதனைதான்.

“ஸ்கேன் நார்மல் என்று வந்துவிட்டதே, பிறகு எதற்குக் கணுவை எடுக்க ஒரு ஆபரேஷன்?” நோயாளிகள் இதைக் கேட்பது நியாயம்தான். ஆனால் அல்ட்ராசவுண்டுக்குத் தெரிய, பரவல் சில மில்லிமீட்டராவது வளர்ந்திருக்க வேண்டும். அதற்கும் சிறியதை மைக்ராஸ்கோப்தான் பிடிக்கும். அமெரிக்க அறுவை மருத்துவர் டொனால்ட் மார்ட்டன் 1992இல் வெளியிட்ட முறை இதற்காகத்தான். மச்சம் இருந்த இடத்தில் நீலச் சாயத்தை ஊசி போட்டு, அது முதலில் போய்ச் சேரும் கணுவை மட்டும் எடுத்து ஆராய்வது. ‘சென்டினல் நோட் பயாப்சி’ என்பார்கள். இப்போது சாயத்தோடு கதிரியக்க மருந்தும் சேர்த்துப் போடுகிறார்கள். புற்றின் தடிமன் 1 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பொதுவாக இதற்குப் பரிந்துரைப்பார்கள்.

அப்படியானால் ஸ்கேன் தண்டமா? இல்லை. அதன் அருமை தெரிவது பயாப்சிக்குப் பிறகு. முதல் கணுவில் புற்று இருந்தால் அந்தப் பகுதிக் கணுக்கள் அத்தனையையும் எடுத்துவிடுவது முன்பு வழக்கம். அது தேவையா என்று பார்க்கப் பல நாடுகளில் 1,900க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. ஒரு பாதிப் பேருக்கு எல்லாக் கணுக்களையும் எடுத்தார்கள். மறு பாதிப் பேரை அல்ட்ராசவுண்ட் எடுத்துக் கண்காணித்தார்கள். 3 ஆண்டு முடிவில் மெலனோமாவுக்குப் பலியாகாமல் இருந்தவர்கள் இரு பக்கமும் 86 சதவீதம். கண்காணிப்பில் இருந்தவர்களுக்குக் கணுவில் புற்று திரும்பியது அதிகம்தான். ஆனால் உயிர்பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. நிணநீர் தேங்கி வீக்கம் வந்ததோ எல்லாவற்றையும் எடுத்தவர்களில் 24 சதவீதம் பேருக்கு, கண்காணிப்பில் 6 சதவீதம் பேருக்கு.

அந்தக் கண்காணிப்புக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. முதல் 2 ஆண்டு 4 மாதத்துக்கு ஒருமுறை, 5ஆம் ஆண்டு முடியும்வரை 6 மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேன். ஒரு தடவை எடுத்துப் பார்த்து நிம்மதியாகிவிட்டால் இந்தப் பலன் வராது. போன தடவை இருந்த அதே கணு இந்தத் தடவை எப்படி மாறியிருக்கிறது என்று ஒப்பிடுவதில்தான் விஷயம் இருக்கிறது.

ஆகவே பழைய ரிப்போர்ட்டையும் படங்களையும் ஒரு ஃபைலில் போட்டு ஒவ்வொரு முறையும் கொண்டுபோங்கள். மச்சம் எங்கே இருந்தது, எப்போது எடுத்தார்கள் என்று ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்லுங்கள். காலில் புண்ணோ அண்மையில் காய்ச்சலோ இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். இடையில் புதிதாக நெறி கட்டினால் அடுத்த தேதி வரட்டும் என்று இருக்காமல் உடனே காட்டிவிடுங்கள்.