கேன், குட், மே: பணியிட ஆங்கிலத்தில் திறனும் அனுமதியும்

ஒரு செயலைச் செய்யும் திறன் ஒருவருக்கு உண்டா, அதைச் செய்ய அவருக்கு அனுமதி உண்டா என்பதை ஆங்கிலத்தில் கேன், குட், மே ஆகிய துணை வினைகள் காட்டுகின்றன. ஆங்கில இலக்கணத்தில் இவை மோடல் வெர்ப் என்னும் வகையில் அடங்கும். பி ஏபிள் டு, பி அலவ்டு டு ஆகிய தொடர்களும் இப்பொருள்களில் வழங்குகின்றன. பணியிடத்தில் இவற்றை மாற்றிப் பயன்படுத்தினால், சொன்னவர் ஒன்றை நினைக்கக் கேட்டவர் வேறொன்றைப் புரிந்துகொள்ள நேரிடும்.

தமிழில் மூன்று, ஆங்கிலத்தில் ஒன்று

தமிழ் இப்பொருள்களைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது.

• எனக்கு இந்த இயந்திரத்தை இயக்கத் தெரியும் (கற்ற திறமை)
• என்னால் இன்று இதை இயக்க முடியும் (உடல்நிலை, நேரம், சூழ்நிலை இடம் தருதல்)
• நான் இதை இயக்கலாம் (அனுமதி)

ஆங்கிலத்தில் இம்மூன்றையும் "ஐ கேன் ஆப்பரேட் திஸ் மெஷின்" என்றே சொல்லலாம். எந்தப் பொருள் என்பதைச் சூழலைக் கொண்டுதான் அறிய வேண்டும். பழைய ஆங்கிலத்தில் கேன் என்பதன் மூலச்சொல் 'அறிதல்' என்றும், மே என்பதன் மூலச்சொல் 'வலிமை பெற்றிருத்தல்' என்றும் பொருள்பட்டன. காலப்போக்கில் கேன் திறனுக்கும், மே அனுமதிக்கும் வாய்ப்புக்கும் உரியனவாயின. பின்னர் கேன் அனுமதிக்கும் வழங்கலாயிற்று.

ஒரு கிடங்கை எடுத்துக்கொள்வோம். மேற்பார்வையாளர் புதிய ஊழியரிடம் "கேன் யூ டிரைவ் த ஃபோர்க்லிஃப்ட்?" என்று கேட்கிறார். முன்பு ஓட்டிப் பழகிய ஊழியர் "யெஸ், ஐ கேன்" என்கிறார். 'ஓட்டத் தெரியும்' என்பதே அவர் கருத்து. 'பயிற்சி முடித்து அனுமதி பெற்றவர்' என்று மேற்பார்வையாளர் எடுத்துக்கொண்டால் அது விபத்தில் முடியலாம். "ஐ நோ ஹவ் டு டிரைவ் இட், பட் ஐ ஆம் நாட் அலவ்டு டு டிரைவ் இட் யெட்" என்பதே இங்குப் பாதுகாப்பான விடை. இயந்திரம், மின்சாரம், மருந்து ஆகியவை தொடர்பான பேச்சில் அனுமதியைக் குறிக்க அலவ்டு, ஆதரைஸ்டு போன்ற சொற்களை வெளிப்படையாகச் சொல்வது நல்லது.

திறனைக் கூறுதல்

கேன், குட், மே ஆகியவற்றுக்குப் பின் வினைச்சொல் எந்த மாற்றமும் இன்றி வரும்; இடையில் டு வராது. எழுவாய் ஹி, ஷி என இருந்தாலும் ஸ் சேராது. "ஷி கேன் ஸ்பீக் இந்தி" என்பது சரி.

நம்மிடையே மிகுதியாகக் காணப்படும் பிழை "ஐ கேன் ஏபிள் டு டூ இட்" என்பது. கேன், ஏபிள் டு இரண்டும் ஒரே பொருளைத் தருவன, ஒன்று போதும். "ஐ கேன் டூ இட்" அல்லது "ஐ ஆம் ஏபிள் டு டூ இட்" என்று சொல்ல வேண்டும். "ஐ குட் ஏபிள் டு" என்பதும் இதே பிழைதான். நேர்காணலில் இப்பிழை உடனே கவனத்துக்கு வரும்.

வில் என்பதற்குப் பின் கேன் வராது. "ஐ வில் பி ஏபிள் டு ஜாயின் நெக்ஸ்ட் மன்த்" என்றே சொல்ல வேண்டும்.

இறந்த காலத்தில் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. முன்பு பொதுவாக இருந்த திறனுக்குக் குட் பொருந்தும்: "ஐ குட் டைப் வெரி ஃபாஸ்ட் இன் தோஸ் டேஸ்". ஒரு குறிப்பிட்ட வேளையில் செய்து முடித்ததைக் கூற வாஸ் ஏபிள் டு வேண்டும். நேற்றுக் கணினிக் கோளாறைச் சரிசெய்தவர் "ஐ வாஸ் ஏபிள் டு ஃபிக்ஸ் இட்" என்று அறிக்கையில் எழுத வேண்டும். "ஐ குட் ஃபிக்ஸ் இட்" என்று எழுதினால், 'வேண்டுமானால் சரிசெய்து தர முடியும்' என்று படிப்பவர் கருதலாம். எதிர்மறையில் இச்சிக்கல் இல்லை. "ஐ குடின்ட் ஃபிக்ஸ் இட்" இரு நிலைக்கும் பொருந்தும்.

அனுமதி கேட்டலும் தருதலும்

தமிழில் 'நாளைக்கு லீவு வேணும் சார்' என்றால், சார் என்னும் விளியே பணிவைக் காட்டிவிடும். அதை அப்படியே "ஐ வான்ட் லீவ் டுமாரோ" என்று ஆக்கினால், சார் சேர்த்தாலும் கட்டளை போலவே ஒலிக்கும். ஆங்கிலத்தில் பணிவைப் பெரிதும் துணை வினையே சுமக்கிறது.

• "கேன் ஐ யூஸ் யுவர் ஸ்டேப்லர்?" – உடன் பணிபுரிபவரிடம்
• "குட் ஐ டேக் டுமாரோ ஆஃப்?" – மேலாளரிடம்
• "மே ஐ கம் இன்?" – முறைசார்ந்த சூழலில்

அனுமதி கேட்க மே மட்டுமே சரி என்று முன்பு பள்ளிகளில் கற்பித்தோம். இன்று கேன் என்பதும் பேச்சில் முழுமையாக ஏற்கப்பட்டுள்ளது.

இங்கே குட் இறந்த காலத்தைக் குறிக்காது. பணிவை மட்டும் குறிக்கும். எனவே அனுமதி தருபவர் "யெஸ், யூ குட்" என்று விடை கூறுவதில்லை. "யெஸ், யூ கேன்" அல்லது "யெஸ், யூ மே" என்பார். முன்பு ஒரு முறை கிடைத்த அனுமதியைக் கூற "ஐ வாஸ் அலவ்டு டு லீவ் எர்லி எஸ்டர்டே" என்பதே முறை.

மறுப்பில் கவனம்

'மே நாட்' இரு பொருள் தரும். "விசிட்டர்ஸ் மே நாட் என்டர்" என்பது 'பார்வையாளர் நுழையக் கூடாது'. "த மேனேஜர் மே நாட் கம் டுடே" என்பது 'மேலாளர் இன்று வராமல் இருக்கலாம்'. ஐயத்துக்கு இடமின்றித் தடைசெய்ய மஸ்ட் நாட் ஏற்றது.

பேச்சில் வேறொரு இடர் உண்டு. பிரிட்டிஷ் உச்சரிப்பில் மறுப்பு 'கான்ட்' என ஒலிப்பதால் வேறுபாடு கேட்கும். அமெரிக்க உச்சரிப்பில் அது 'கேன்ட்'. ஈற்று ஒலி பெரும்பாலும் தெளிவாகக் கேட்காது. தொலைபேசியில் 'முடியாது' என்பது 'முடியும்' எனக் காதில் விழலாம். முக்கியமான செய்திகளில் 'கேனாட்' என்று முழுமையாகச் சொல்வது பாதுகாப்பு.

ஆவணங்களில்

பன்னாட்டுத் தர நிர்ணய ஆவணங்களை எழுதுவதற்கான ஐஎஸ்ஓ விதிகள், மே என்பதை அனுமதிக்கும், கேன் என்பதை இயலும் தன்மைக்கும் வாய்ப்புக்கும் ஒதுக்கியுள்ளன. இணையத் தொழில்நுட்ப ஆவணங்களுக்காக 1997இல் வெளியான ஆர்எஃப்சி 2119, மே என்றால் 'விரும்பினால் செய்யலாம், கட்டாயமில்லை' என்று வரையறுக்கிறது. ஒப்பந்தமோ கையேடோ படிக்கும்போது இவ்வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும்.

பயிற்சி

ஆங்கிலத்தில் கூறுக:

1. எனக்குக் கணக்கு மென்பொருளைப் பயன்படுத்தத் தெரியும்.
2. நான் இந்தக் கோப்பைப் பார்க்கலாமா? (மேலாளரிடம்)
3. நேற்று அந்த வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடிந்தது.
4. இந்த அறைக்குள் நுழையக் கூடாது.

விடைகள்:

1. "ஐ கேன் யூஸ் த அக்கவுன்டிங் சாஃப்ட்வேர்."
2. "குட் ஐ சீ திஸ் ஃபைல்?"
3. "ஐ வாஸ் ஏபிள் டு கான்டாக்ட் த கஸ்டமர் எஸ்டர்டே."
4. "யூ மஸ்ட் நாட் என்டர் திஸ் ரூம்."