பென்ஷன் திட்டத்துக்கு மூடுவிழா: அமெரிக்கக் காகிதங்கள்

ஒஹாயோவில் பதினோரு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நண்பர் ஒருவர், போன வருஷம் ஒரு கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பழைய கம்பெனி தன் பென்ஷன் திட்டத்தை முடித்துக்கொள்ளப் போகிறதாம். "கம்பெனி திவாலா? என் காசு போச்சா?" என்று கேட்டிருந்தார். ரெண்டும் இல்லை என்று பதில் போட்டேன். ஏன் இல்லை என்று விளக்க உட்கார்ந்ததில் இரண்டு வாரம் போய்விட்டது. அந்தக் குறிப்புகள்தான் இவை.

முதலில் எந்தப் பென்ஷன் என்று சொல்லிவிடுகிறேன். 401(கே) அல்ல. அதில் உங்கள் கணக்கில் இருப்பதுதான் உங்கள் பணம். இங்கே பேசுவது சம்பளத்தையும் சர்வீஸையும் வைத்து 'மாதம் இவ்வளவு, ஆயுள் முழுக்க' என்று முதலாளி வாக்குக் கொடுக்கும் பழைய ரகம். அதற்கான பணத்தை ஒரு டிரஸ்டில் சேர்த்து வைக்க வேண்டும். சேர்த்தது போதாவிட்டால்?

1963 டிசம்பரில் ஸ்டூட்பேக்கர் கார் கம்பெனி இந்தியானாவின் சவுத் பெண்ட் தொழிற்சாலையை மூடியபோது அதுதான் நடந்தது. ஓய்வு பெற்றவர்களுக்கும், ஓய்வு வயதான 60-ஐ எட்டியவர்களுக்கும் முழுப் பென்ஷன் கிடைத்தது. 40 முதல் 59 வயது வரை இருந்த சுமார் 4,000 பேருக்கு டாலருக்குப் பதினைந்து சென்ட். அதற்கும் இளையவர்களுக்கு ஒன்றுமே இல்லை. இதில் கம்பெனி சட்டம் எதையும் மீறவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். 1974-இல் எரிசா சட்டம் வந்தது. கூடவே பென்ஷனுக்குக் காப்பீடு தரும் பிபிஜிசி என்ற மத்திய அரசு நிறுவனமும் வந்தது. இன்றைக்குக் கேட்கிற காகிதங்களில் பலவற்றுக்கும் வேர் அங்கேதான்.

எல்லோருக்கும் தர வேண்டியதைத் தர டிரஸ்டில் பணம் இருந்தால்தான் கம்பெனி தானாக முன்வந்து திட்டத்தை மூடலாம். இதற்கு 'ஸ்டாண்டர்ட் டெர்மினேஷன்' என்று பெயர். பணம் பற்றாதபோது மூடுவது 'டிஸ்ட்ரெஸ்'. அதற்குக் கம்பெனி முங்கிக்கொண்டிருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும், படிவமும் வேறு. அங்கே பிபிஜிசி திட்டத்தை ஏற்றுக்கொண்டு, சட்டம் வைத்த உச்சவரம்பு வரை பென்ஷன் கொடுக்கும். 2005-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் திட்டங்கள் அப்படித்தான் போயின. பல விமானிகளுக்குப் பெரிய வெட்டு. நண்பருடையது முதல் வகை.

மூடுவதற்கு ஒரு தேதி குறிக்க வேண்டும். அந்தத் தேதிக்குக் குறைந்தது 60 நாள், அதிகபட்சம் 90 நாள் முன்பாக, சம்பந்தப்பட்ட அத்தனை பேருக்கும் நோட்டீஸ் போக வேண்டும். வேலையில் இருப்பவர், விலகியவர், இறந்தவரின் வாரிசு, விவாகரத்தில் பங்கு பெற்ற முன்னாள் துணை, தொழிற்சங்கம் எல்லாரும் இதில் அடக்கம். 90 நாளுக்கு மேல் முன்கூட்டிச் சொன்னாலும் தப்பு என்பது எனக்கு வேடிக்கையாகப்பட்டது. யோசித்தால் நியாயம்தான். ரொம்ப முன்னாடி வரும் கடிதத்தைப் பீரோவில் போட்டு மறந்துவிடுவோம் இல்லையா?

அடுத்தது ஃபார்ம் 500. குறித்த தேதிக்குப் பின் 180 நாளுக்குள் இதை பிபிஜிசிக்கு அனுப்ப வேண்டும். 'பணம் போதும்' என்று பதிவு பெற்ற ஆக்சுவரி ஒருவர் கையெழுத்துப் போட்ட சான்றும் இதில் இருக்கும். அனுப்புவதற்குள் ஒவ்வொருவருக்கும் இரண்டாவது கடிதம் போயிருக்க வேண்டும்: உங்கள் பென்ஷன் இவ்வளவு, இந்தப் பிறந்த தேதி, இந்தச் சர்வீஸ், இந்தச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டோம் என்று. மொத்தக் கட்டிலும் ஊழியருக்கு உண்மையிலேயே உபயோகமான காகிதம் இதுதான் என்பேன்.

பிபிஜிசிக்கு 60 நாள் அவகாசம். அதற்குள் ஆட்சேபம் வராவிட்டால் மேலே போகலாம். மௌனமே சம்மதம்! குறை கண்டுபிடித்து நோட்டீஸ் கொடுத்தால், மூடும் முயற்சி ரத்து. திட்டம் பழையபடி நடக்கும். வருமான வரித்துறையான ஐஆர்எஸ்ஸிடம் ஃபார்ம் 5310 போட்டு, திட்டம் விதிப்படி இருந்தது என்று கடிதம் வாங்குவது கட்டாயமில்லை. ஆனால் பின்னாடி வரிச்சிக்கல் வந்தால் யார் மாட்டிக்கொள்வது என்று பலரும் வாங்கிவிடுகிறார்கள்.

பிறகு பட்டுவாடா. ஒன்று, மொத்தத் தொகை. திருமணமானவர் இதை வாங்கத் துணையின் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும் (சின்னத் தொகைக்கு விலக்கு உண்டு). இன்னொன்று, ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியிடம் வாங்கித்தரும் ஆன்யூட்டி. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஆன்யூட்டி வாங்கிய கணமே பிபிஜிசியின் காப்பு முடிந்துவிடுகிறது. அந்த இன்சூரன்ஸ் கம்பெனி கவிழ்ந்தால், மாநில அளவிலான உத்தரவாத அமைப்புகள்தான் கதி. பசிபிக் லம்பர் கம்பெனி 1986-இல் திட்டத்தை மூடி, எக்ஸிக்யூட்டிவ் லைஃப் நிறுவனத்தில் ஆன்யூட்டி வாங்கியது. 1991-இல் கலிஃபோர்னியா அரசு அந்த நிறுவனத்தையே கையகப்படுத்த வேண்டி வந்தது. அதன் பிறகு 1995-இல் தொழிலாளர் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது: விலை மலிவு என்று போகாதே, கிடைப்பதில் மிகப் பாதுகாப்பானதை வாங்கு.

எண்பதுகளில் மூடுவதற்கு இன்னொரு ஆசையும் இருந்தது. எல்லோருக்கும் கொடுத்தது போக டிரஸ்டில் மிஞ்சுவதைக் கம்பெனி எடுத்துக்கொள்ளலாம். 1990-இல் இந்த மிச்சத்தின் மேல் 50 சதவீத தனி வரி வந்தது. ஊழியருக்கும் ஒரு பங்கு ஒதுக்கினால் 20. வழக்கமான வருமான வரி தனி. ஆசை கொஞ்சம் அடங்கியது.

எல்லாம் கொடுத்து முடித்த 30 நாளுக்குள் ஃபார்ம் 501, கொடுத்தாகிவிட்டது என்ற சான்று. கடைசியாக ஒரு ஃபார்ம் 5500. ஆள் கிடைக்கவில்லை என்று பணத்தைக் கம்பெனி வைத்துக்கொள்ள முடியாது. ஒழுங்காகத் தேடிப் பார்த்துவிட்டு, பணத்தையோ ஆன்யூட்டி விவரத்தையோ பிபிஜிசியிடம் ஒப்படைக்க வேண்டும். அவர்கள் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். அங்கே வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நண்பருக்கு இரண்டாவது கடிதம் போன வாரம் வந்தது. தொகையை மட்டும் பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்றார். தேதிகளையும் பாருங்கள் என்றேன். வேலையில் சேர்ந்த வருஷம் ஒன்று தள்ளிப் போட்டிருக்கிறது. இப்போது பரணில் ஏறி ஆஃபர் லெட்டரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.